மைசூர் நாட்டில் தமிழர் குடியேற்றமும் ‘அயலார்’ என்னும் கருத்தும்

மைசூர் நகரில் ஹுன்சூர் சாலையை ஒட்டியமைந்த விஜயநகர், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகர விரிவாக்கத்தால் எழுந்த குடியிருப்பாகும். அதற்கு அண்மையிலுள்ள மானசகங்கோத்திரியில் 1969இல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தொடங்கப்பெற்றது. இத்தகைய நிறுவனங்களை நாடி வந்த தமிழரைக் ‘குடியேறியோர்’ என்பது பொருந்தும். அதே சொல்லை மேல்கோட்டைத் தமிழ் வைணவர்க்கும் பெட்டதபுரத்துச் சங்கேதியர்க்கும் அவ்வாறே வழங்கினால் வரலாறு பிழைபடும். தமிழர் இந்நாட்டிற் பல நூற்றாண்டுகளாகக் குடிபுகுந்துள்ளனர். அவர் அயலாராக எண்ணப்பெற்றதோ அண்மைக் காலத்திலேதான்.

முதலாம் இராசராசன் காலத்தில், கி.பி. 1004ஐ ஒட்டி, கங்கரின் தலைநகராகிய தலைக்காடு சோழர் வசமாயிற்று. அது இராசராசபுரம் எனவும், கங்கபாடி முடிகொண்டசோழ மண்டலம் எனவும் பெயர் பெற்றன. கோலார்க் கோலாரம்மன் கோயிலில் இராசேந்திரன் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. 1116-17 அளவில் போசள விட்டுணுவர்த்தனன் தலைக்காட்டைக் கைப்பற்றித் ‘தலகாடுகொண்ட’ என்னும் விருதைப் புனைந்தான். ஆட்சி மாறிற்று, கல்லில் எழுதும் மொழி உடன் மாறவில்லை. போசளர் காலத்திலும் கோலார், பெங்களூர்ப் பகுதிகளில் தமிழ்க் கல்வெட்டுகள் பொறிக்கப்பெற்றன. எனினும் கல்வெட்டு மொழியைக் கொண்டே மக்கட்பரவலை அளந்துவிடலாகாது. ஆட்சி மொழியும் குடிமொழியும் எங்கும் ஒன்றாக இருந்ததில்லை.

சோழப் படையைப் பின்பற்றி வந்த குடியேற்றத்தினும் சமயத்தைப் பின்பற்றி வந்ததே நிலைத்தது. இராமாநுசர் 12ஆம் நூற்றாண்டில் தொண்டனூரிலும் மேல்கோட்டையாகிய திருநாராயணபுரத்திலும் தங்கியதை வைணவ மரபு விரிவாகப் போற்றும். மேல்கோட்டைக் கோயிலில் திவ்வியப் பிரபந்தம் இன்றும் ஓதப்பெறுகின்றது. மண்டயம், ஹெப்பார் ஐயங்கார்களின் வீட்டுமொழி கன்னடச் சொற்கள் செறிந்த தமிழ். கல்விக்கும் எழுத்துக்கும் அவர் கொண்டது கன்னடம். செங்கோட்டைப் பகுதியினின்று புறப்பட்டதாகவும், நாச்சாரம்மா என்னும் பெண்மணி தம்மை வழிநடத்தியதாகவும் சங்கேதியர் கூறுவர். அவர்தம் பேச்சைத் தமிழின் கிளைமொழி எனக் கொள்வோரும் தனிமொழி எனக் கொள்வோரும் உளர்.

இம்மக்களை அயலார் என்றல் எத்துணைப் பொருந்தாது என்பதற்குக் கன்னட இலக்கியமே சான்று. 1983ஆம் ஆண்டிற்குரிய ஞானபீட விருதைப் பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்காரும், மேல்கோட்டையிற் பிறந்த பு.தி. நரசிம்மாசாரும் தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பத்தினர்.

அயலார் என்னும் குரல் 1881இல் மைசூர் ஆட்சி உடையார் மரபினர்க்கு மீள ஒப்படைக்கப்பெற்ற பின்னரே வலுப்பெற்றது. செங்கற்பட்டுப் பகுதியினரான ரங்காசார்லு 1881 முதல் 1883 வரையிலும், பாலக்காட்டினரான சேஷாத்ரி ஐயர் 1883 முதல் 1901 வரையிலும் திவானாக விளங்கினர். சென்னை மாகாணத்துப் பட்டதாரிகள் உயர்பதவிகளில் மிகுந்தமையால் ‘மைசூர் மைசூரினர்க்கே’ என்னும் முழக்கம் எழுந்தது. அம்முழக்கத்தை எழுப்பிய உள்நாட்டார் அணியில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஐயங்கார்களும் இருந்தனர் என்பது கருதத்தக்கது. அப்பூசல் மொழியால் விளைந்ததன்று, அலுவற்பதவியால் விளைந்தது. 1918இல் அமைக்கப்பெற்ற மில்லர் குழுவின் பின்னர் அது பிராமணர், பிராமணரல்லாதார் வழக்காக உருமாறிற்று.

இவ்வாய்வுகளிற் பெரிதும் புறக்கணிக்கப்பெற்றவர் கோலார்த் தங்கவயல் தொழிலாளர். 1880இல் ஜான் டெய்லர் குழுமம் சுரங்கப்பணியை ஏற்றபின் வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் திரளாக வந்தனர். அவருட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். திவான்களுக்கு வழங்கிய மதிப்பு இவர்க்கு வழங்கவில்லை. கைரேகை பதிந்து பதிவுசெய்யும் ஏற்பாட்டை எதிர்த்து 1930இல் இவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் இங்கு வேரூன்றியது. அவர்தம் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை இங்கிருந்தே பதிப்பித்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. பிழைப்பை நாடி வந்தோரின் வழித்தோன்றல்கள் பிழைப்பை நாடி நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறலாயினர்.

1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது இவ்வெல்லாப் பிரிவினரும் ‘மொழிச் சிறுபான்மையினர்’ என ஒரே பெயரால் சுட்டப்பெறலாயினர். அவ்வொற்றைப் பெயரின் கொடிய விளைவு 1991 டிசம்பரில் வெளிப்பட்டது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர் தாக்கப்பட்டனர். பல்லாயிரவர் எல்லை கடந்து தமிழகம் புகுந்தனர். எந்த நூற்றாண்டில் வந்தவர் என எவரும் வினவவில்லை.

மக்களோடு ஆவணங்களும் இடம்பெயர்ந்தன. தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு மாற்றப்பெற்றபோது தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளும் உடன் வந்தன. அவற்றைச் சென்னைக்கு அனுப்புமாறு 2021இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. படிகள் எங்கிருப்பினும், கருநாடகத் தமிழ்க் கல்வெட்டுகளை அவ்வக் கோயிற் கன்னடக் கல்வெட்டுகளோடு ஒருசேர வைத்துப் படித்தல் வேண்டும். வந்தவர் எத்தலைமுறையில் உள்ளூராராயினர் என்பதை அவ்வாறு படித்தே அறிய இயலும்.