‘தமிழும்’: ஓர் இடைச்சொல்லின் இலக்கணப் பொருளும் சட்டப் பொருளும்

இலங்கை அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரை 1987 நவம்பரில் திருத்தப்பட்டது. அதன்படி சிங்களம் அரசகரும மொழி. தமிழும் ஓர் அரசகரும மொழி. ஆங்கிலப் பாடத்தில் இந்த உம்மையின் இடத்தில் நிற்பது ‘ஆல்சோ’ என்னும் எளிய சொல். அச்சொல்லுக்கு இலக்கணம் தரும் பொருளும் சட்டம் தரும் பொருளும் ஒன்றல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொல்காப்பிய இடையியல் உம்மைக்கு எட்டுப் பொருள் கூறும். அவற்றுள் இங்கே வேண்டுவன எச்சமும் எண்ணும். ‘கண்ணனும் வந்தான்’ என்றால் வேறொருவரும் வந்தார் என்பது எஞ்சி நிற்கும். வந்தவருள் இவர் உயர்ந்தவர், அவர் தாழ்ந்தவர் என்னும் தரம் அதில் இல்லை. ஆகவே ‘தமிழும்’ என்பது எச்சவும்மை எனின், இலக்கணம் தருவது சமநிலையே. இதனை இழிவுசிறப்பும்மையாகக் கொண்டு ‘தமிழுக்குக்கூட’ என்று வாசிப்போர் நம்மிடையே உண்டு. அவர்தம் கசப்பு விளங்கத்தக்கது. ஆயினும் தொடரமைப்பு அதற்கு இடந்தரவில்லை.

எச்சவும்மைக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரு எழுவாய்க்கும் பயனிலை ஒன்றாக இருத்தல் வேண்டும். ஆங்கிலப் பாடத்தில் அது ஒன்றாக இல்லை. சிங்களத்துக்கு ‘த’ என்னும் சுட்டுச்சார்பு அடையும், தமிழுக்கு ‘ஆன்’ என்னும் பொது அடையும் வருகின்றன. முன்னது ‘இதுவே அந்த மொழி’ என்னும். பின்னது ‘இத்தகையனவற்றுள் ஒன்று’ என்னும். இவ்வகை அடைகள் இல்லாத தமிழில் இவ்வேறுபாடு பாதி மறைந்துபோகிறது.

அந்தச் சுட்டின் வரலாறு 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்திலிருந்து வருவது. அங்கே சிங்களம் ‘ஒரே’ அரசகரும மொழி. அதன் செல்லுபடியை எதிர்த்த கோடீஸ்வரன் வழக்கு 1969 இல் இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. ஆனால் அங்கு தீர்ந்தது அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்காடலாமா என்னும் கேள்வியே. மொழிக் கேள்வி மீண்டும் கொழும்புக்கே அனுப்பப்பட்டு, விடையின்றி நின்றது.

1987 யூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தத்திலும் இதே அமைப்பைக் காணலாம். அங்கே சிங்களத்தைப் பற்றி ஒரு வாக்கியம்; தமிழும் ஆங்கிலமும் ‘ஆல்சோ’ பெற்று அடுத்த வாக்கியத்தில். பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கித் தமிழை மட்டும் அவ்விடத்தில் விட்டது. பழைய உறுப்புரையை அது நீக்கவில்லை. முதலாம் பந்தி என்று இலக்கமிட்டுக் கீழே புதியவற்றைச் சேர்த்தது. என் கணிப்பில், ‘ஆல்சோ’ இந்த ஒட்டுவேலையின் தழும்பு.

எண்ணும்மை வரைவாளருக்குத் தெரியாததன்று. 1988 இன் பதினாறாம் திருத்தம் நிருவாக மொழிகளாகச் சிங்களத்தையும் தமிழையும் இணைத்தே கூறுகிறது. ஆயினும் அதே உறுப்புரை பொதுப் பதிவேடுகளுக்கு வடக்கு, கிழக்கில் தமிழையும் ஏனைய மாகாணங்களில் சிங்களத்தையும் வைத்தது. அத்திருத்தத்தின்படி, இரு பாடங்களும் முரண்படும்போது எது மேலோங்கும் என்பதை ஒவ்வொரு சட்டத்தையும் இயற்றும்போதே பாராளுமன்றம் தீர்மானிக்க வேண்டும். சட்டங்களின் இறுதிப் பிரிவில் வழக்கமாகக் காணப்படும் விடை: சிங்களப் பாடமே. இலக்கணம் தந்த சமநிலை அந்தப் பிரிவில் முடிகிறது.

1970 இல் மூன்றாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு பாரிஸில் கூடியபோது, லா சப்பலில் இன்றுள்ள தமிழ்க் கடைத்தெரு இல்லை. அதை உருவாக்கியோர் பெரும்பாலும் மேற்சொன்ன சட்ட வரலாற்றின் பின்விளைவுகளிலிருந்து புறப்பட்டவர்கள். அவர்கள் வந்துசேர்ந்த நாட்டின் அரசியலமைப்பும் 1992 முதல் குடியரசின் மொழி பிரெஞ்சு என்று சுட்டோடு கூறுகிறது. அதில் ‘உம்’ இல்லை. 1994 இன் மொழிச் சட்டம் பொது அறிவிப்புகளில் பிரெஞ்சைக் கட்டாயமாக்கி, பிறமொழி உடன்வருவதைத் தடுக்காமல், பிரெஞ்சின் தெளிவு அதனிலும் குறையலாகாது என்கிறது. புபூர் சேன் டெனி வீதியின் தமிழ் அறிவிப்புகளுக்கு உரிமை வாக்குறுதி எதுவும் இல்லை, இடம் உண்டு.

18 ஆம் உறுப்புரையை இங்கே பிரெஞ்சில் பெயர்ப்பவர் முன் இரு சொற்கள் உள்ளன. ஒன்று ‘ஒசி’. மற்றது ‘எகால்மான்’, ‘மேலும்’ என்பதோடு ‘சமமாக’ என்னும் பொருளும் அதற்கு உண்டு. அரச கட்டடங்களின் முகப்பிலுள்ள ‘எகாலித்தே’, அதாவது சமத்துவம், அதே வேரினது. சட்ட நடைக்கு இரண்டாவதே பொருந்தும். அதைத் தெரிந்துகொண்டால் கொழும்புப் பாடம் சொல்லாத சமத்துவத்தின் சாயல் மொழிபெயர்ப்பில் ஏறிவிடுகிறது. ஆயினும் அடுத்து வரும் அடை ‘ஊன்’, ‘ஒரு’ என்பதே; அதனை ‘லா’ என்று மாற்ற மொழிபெயர்ப்பாளருக்கு அதிகாரம் இல்லை.