கம்பளத்துக்கு முன்னால் வந்த சிறகுப் பெண்

1949 ஜனவரி 25 அன்று ஹாலிவுட் அத்லெடிக் கிளப்பில் தொலைக்காட்சிக்கான முதல் எம்மி விருது விழா நடந்தது. நுழைவுச்சீட்டு 5 டாலர். சிறந்த தொலைக்காட்சி ஆளுமை விருதைத் தட்டிச் சென்ற ஷர்லி டின்ஸ்டேல் ஒரு கல்லூரி மாணவி. ஜூடி ஸ்ப்ளின்டர்ஸ் என்ற பொம்மையைத் தன் உதடு அசையாமல் பேசவைத்தவர்.

எம்மி விருதுச் சிலையைக் கூர்ந்து பாருங்கள். சிறகு விரித்த ஒரு பெண், ஓர் அணுவை உயர்த்திப் பிடித்து நிற்கிறாள். சிறகு கலைக்கு, அணு அறிவியலுக்கு. வடிவமைத்தவர் லூயிஸ் மெக்மேனஸ் என்ற தொலைக்காட்சிப் பொறியாளர். மாதிரியாக நின்றவர் அவருடைய மனைவி. பெயர் வந்த கதை இன்னும் அழகு. தொலைக்காட்சிக் கேமராவிலிருந்த இமேஜ் ஆர்த்திகான் குழாயைத் தொழிலாளிகள் செல்லமாக 'இம்மி' என்பார்கள். சிலை பெண்ணாக அமைந்ததால் அது 'எம்மி' ஆனது.

விருது விழாவுக்கு வருவோரின் உடைமேல் கண் பதிந்தது பிறகுதான். ஆஸ்கார் விழா 1966இல் வண்ணத்தில் ஒளிபரப்பானதும், நிறம் பார்த்துத் துணி எடுக்க வேண்டியதாயிற்று. 1990களில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜோன் ரிவர்ஸ், விழா வாசலில் விரித்த சிவப்புக் கம்பளத்தில் மைக்கோடு நின்று, அணிந்திருப்பது யாருடைய வடிவமைப்பு என்று கேட்கத் தொடங்கினார். அன்றுமுதல் நடிப்பைவிட உடைக்கே பேச்சு அதிகம். வென்றவரின் உழைப்புக்கு இது நியாயமல்ல.

2020 எம்மி விழாவில் கொரோனாவால் அந்தக் கம்பளமே விரிக்கப்படவில்லை. 24 வயது ஸெண்டாயா விழா உடையில், குடும்பத்தார் சூழ, அரங்குக்கு வராமலேயே சிறந்த நாடக நடிகை விருதைப் பெற்றார். அந்தப் பிரிவில் அவ்வளவு இளம் வயதில் அதற்குமுன் எவரும் வென்றதில்லை.