தேன் என்றால் ஈயும்தான்

சங்கப் பாடல்களில் தேன் பறக்கும், பூவில் மொய்க்கும், முரலும். இனிப்பைக் குறித்த அதே சொல் அங்கே வண்டினத்துக்கும் பெயர். கன்னடத்தில் ஜேனு இன்றும் இரண்டையும் குறிக்கிறது. பாறையில் கூடு கட்டும் பெரிய ஈ அவர்களுக்கு ஹெஜ்ஜேனு, மெல்லிய கிளையில் கட்டுவது கோல்ஜேனு. நாமோ தேனீ என்று தனிப்பெயர் வைத்துப் பிரித்துவிட்டோம்.

தேனுக்கு நறவு, மட்டு, வடமொழி வழிவந்த மது என்ற பெயர்களும் உண்டு. மூன்றும் கள்ளையும் குறித்தன. காரணம் தேனின் இயல்பிலேயே இருக்கிறது. தேனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. பெரும்பாலும் ஃப்ரக்டோஸ், குளுக்கோஸ். நீர் 20 சதவீத அளவுக்கு இறங்கும்வரை ஈக்கள் சிறகால் விசிறி வற்றவைத்து, மெழுகால் அறையை மூடுகின்றன. மூடுமுன் பிழிந்தால் நீர் மிகுந்து புளிக்கும். மூங்கில் குழாயில் முதிரவைத்த தேறல் என்னும் கள்ளின் கதை இதுதான்.

மது என்ற சொல் கடைசியில் சாராயக் கடைக்குப் போனது. தேன் வைத்தியரிடம் தங்கியது. சித்த மருத்துவத்தில் சூரணம் குழைக்க உதவும் அனுபானங்களில் அதுவும் ஒன்று. ஆனால் பிறந்த பிள்ளைக்குத் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கத்தை விட்டே ஆக வேண்டும். ஒரு வயதுக்குள் பொட்டுலிசம் என்னும் நச்சு நோய் வரக்கூடும்.

வள்ளல் பாரியின் பறம்பு மலையில் உழாமலே கிடைக்கும் நான்கு விளைவுகளில் ஒன்றாகத் தேனைச் சங்கப் புலவர் கபிலர் எண்ணினார். இன்றும் மலைவாசிகளுக்கு அது வருமானம். அவர்கள் எடுத்துவருவது வெறும் தேன் அல்ல: மலைத்தேன், கொம்புத்தேன், பொந்துத்தேன், கொசுத்தேன். எந்த ஈ, எங்கே கட்டியது என்பதைப் பெயரே சொல்லிவிடும். குமரி மாவட்டம் மார்த்தாண்டத்துத் தேனீப் பெட்டிகளில் வளர்வது பொந்துத்தேனின் ஈ. எல்லாவற்றையும் ஒரே பீப்பாயில் கலந்து புட்டியில் 'தேன்' என்று மட்டும் ஒட்டும்போது, பாறையில் கயிறு கட்டி இறங்கியவரின் உழைப்புக்கு விலை கேட்க வழியில்லாமல் போகிறது.

கொசுத்தேனுக்குத்தான் விலை அதிகம். கொசு அளவே இருக்கும் கொட்டாத ஈயின் தேன் அது. ஒரு கூட்டில் ஆண்டுக்குச் சில நூறு கிராம்தான் தேறும். அதில் இயல்பாகவே நீர் கூடுதல், சுவையில் புளிப்புத் தட்டும். கெட்டுவிட்டதென்று யாரும் கொட்டிவிட வேண்டாம்.