கமலாம்பாள் சரித்திரமும் தத்துவ நாவல் என்னும் பெயரும்

பழனி மலையின் அடிவாரத்தில், கொடைக்கானலுக்கு மலையேறுவோர் கடந்துபோகும் வத்தலக்குண்டு, தமிழ் உரைநடைக்கு முக்கியமான மூவரைத் தந்த ஊர். ‘மணிக்கொடி’ இதழின் பி.எஸ். ராமையாவும் ‘எழுத்து’ இதழை நடத்திய சி.சு. செல்லப்பாவும் பின்னால் வந்தவர்கள். அவர்களுக்கு முன்னோடி பி.ஆர். ராஜம் ஐயர் (1872–1898). அவருடைய ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்து, 1896இல் நூலாயிற்று. தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்றுதான். தமிழின் முதல் உண்மையான நாவல் என்றும், முதல் தத்துவ நாவல் என்றும் அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. முதல் பெயரில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாவது பெயர் எதனால் கிடைத்தது, அது தகுமா என்பதே இங்கு என் கேள்வி.

நாவலைப் பற்றிய விவாதம் நூறாண்டாக ஒரே தடத்தில் போகிறது. வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) கதைகளின் கோவையாக நின்றுவிட, மனிதர்களை மனிதர்களாகக் காட்டிய முதல் நூல் இதுவே என்பது போற்றுவோர் வாதம். க.நா.சுப்ரமண்யம் ‘முதல் ஐந்து தமிழ் நாவல்கள்’ நூலில் இதற்கு உயர்ந்த இடம் கொடுத்தார். குறை காண்போர் பின்பகுதியைச் சுட்டுகிறார்கள். கதை நடக்கும் சிறுகுளம் கிராமத்தின் உயிர்ப்பான சித்திரம் பாதியில் கலைந்து வேதாந்த உபதேசமாகிவிடுகிறது என்கிறார்கள். இரு தரப்பாரும் எதிரெதிர் நிற்பதாகத் தோன்றினாலும் ஓர் இடத்தில் ஒன்றுபடுகிறார்கள்: முன்பாதி நாவல், பின்பாதி தத்துவம். ஒருவர் பின்பாதியைப் பொறுத்துக்கொள்கிறார், மற்றவர் பொறுப்பதில்லை. அவ்வளவே வேறுபாடு.

ஆசிரியர் இந்தப் பிரிவினையை ஏற்றிருக்கமாட்டார். அலைக்கழிந்த ஓர் ஆன்மா துன்பங்களைக் கடந்து தெளிந்த இன்பநிலை அடைவதைச் சொல்வதே தம் முக்கிய நோக்கம், கதை சொல்வது அதற்கு அடுத்ததுதான் என்று நாவலின் முடிவில் அவரே தெரிவிக்கிறார். நூல் வெளிவந்த 1896ஆம் ஆண்டிலேயே, விவேகானந்தரின் தூண்டுதலால் சென்னையில் தொடங்கிய ‘பிரபுத்த பாரத’ ஆங்கில இதழின் ஆசிரியரானார். 1898இல் இறக்கும்வரை அதையே நடத்தினார். வேதாந்தம் அவருக்கு மேற்பூச்சு அன்று. ஆகவே கிராமச் சித்திரத்தை மட்டும் புகழ்ந்து மற்றதை மன்னித்துவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவருடைய நோக்கத்தைக் கொண்டே நாவலை அளக்கவேண்டும்.

அப்படி அளந்தால் பின்பகுதி தேறவில்லை என்பதே என் முடிவு. பொருளை இழந்து, மகனைப் பறிகொடுத்து, மனைவியைப் பற்றிய பழியையும் செவியுற்று உடைந்துபோன முத்துசாமி ஐயர், கமலாம்பாளின் கணவர், ஒரு துறவியைக் குருவாக அடைகிறார். அதுவரை எந்தப் பாத்திரத்தையும் குறையின்றி விட்டுவைக்காத ராஜம் ஐயரின் பார்வை, குருவின் முன் தாழ்ந்துவிடுகிறது. சிறுகுளத்தில் ஆளுக்கொரு பேச்சு, ஆளுக்கொரு கோணல் உண்டு. குருவிடம் வாக்கு மட்டுமே இருக்கிறது. சீடரும் முட்டி மோதிக் கேட்பதில்லை, பெற்றுக்கொள்கிறார். டால்ஸ்டாயின் ‘அன்னா கரேனினா’விலும் லெவின் முடிவில் ஒரு தெளிவை அடைகிறான். ஆனால் அவனுடைய தேடல் நாவலின் தொடக்கத்திலிருந்தே நிலத்தோடும் உழைப்போடும் அண்ணனின் மரணத்தோடும் பிணைந்து வளர்கிறது. தெளிந்த பின்னும் அவன் குறையுள்ள மனிதனாகவே இருக்கிறான். முத்துசாமி ஐயருக்குத் தெளிவு வெளியிலிருந்து வந்து சேர்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஐரோப்பிய யதார்த்த நாவலின் அளவுகோலைக் கொண்டு குரு-சீட உரையாடலை அளப்பது முறையா? நம் மரபில் உபதேசமே ஓர் இலக்கிய வடிவமல்லவா? இதை நான் எளிதாக ஒதுக்கவில்லை. ஆனால் அந்த மரபுக்கே போய்ப் பார்ப்போம். கடோபநிடதத்தில் நசிகேதன் மூன்றாம் வரத்துக்கு மாற்றாக எமன் தருவதையெல்லாம் தள்ளி, கேட்டதையே மீண்டும் கேட்கிறான். யாக்ஞவல்கியரை விடாமல் கேள்வி கேட்ட கார்கி, தலை சிதறும் என்ற எச்சரிக்கையைப் பெறுகிறாள். பிறகு சபையில் மறுபடியும் எழுந்து கேட்கிறாள். கீதையில் அர்ச்சுனனின் ஐயம் பல அத்தியாயங்களுக்கு ஓய்வதில்லை. நம் மரபின் உயர்ந்த உபதேசங்கள் கேட்பவரின் பிடிவாதத்தால் நிற்பவை. அந்தச் சொந்த அளவுகோலில்தான் ராஜம் ஐயரின் பின்பகுதி குறைபடுகிறது.

எனினும் இதைத் தத்துவ நாவல் என்று அழைக்க நான் தயங்கமாட்டேன். காரணம், விமர்சகர்கள் வெறும் கிராமச் சித்திரம் என்று பாராட்டிக் கடந்துபோகும் முன்பாதி. அங்கே பெண்களின் வம்பர் மகாசபை கூடுகிறது. நகைச்சுவைக்காகவே அந்தப் பகுதிகளை எடுத்துக்காட்டுவது வழக்கம். சற்று நிதானித்துப் படித்தால் அங்கே நடப்பது வேறு என்று புரியும். பேச்சு வாய் மாறும்தோறும் சிறிது கூடுகிறது. முழுப்பொய்யை ஒருவர் தனியாக இட்டுக்கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தம் ஆசைக்கும் பொறாமைக்கும் அச்சத்திற்கும் ஏற்ப ஓர் இழையைச் சேர்த்தால் போதும். கயிற்றில் பாம்பைக் காண்பதை வேதாந்திகள் மாயைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிப் போனார்கள். ஓர் ஊரே கூடி அந்தப் பாம்பை எப்படி உண்டாக்குகிறது, உண்டான பிறகு அது எப்படிக் கடிக்கிறது என்பதை ராஜம் ஐயர் காட்டிவிட்டார். இல்லாத ஒன்று ஒரு குடும்பத்தை அழிக்கும் வல்லமை பெறுவதைவிடத் துல்லியமாக மாயையை எந்தக் குருவால் விளக்க முடியும்? கதையில் வரும் உபதேசம் இதற்குப் பின் வந்த உரையாகவே எனக்குப் படுகிறது.

அம்மையப்ப பிள்ளையையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். பாடல்களை ஏராளமாக மனப்பாடம் செய்து, உலகத்தை அறியாமல் வாழும் அந்தத் தமிழ்ப் பண்டிதரை நகைப்புக்குரியவராகவே நினைவில் வைத்திருக்கிறோம். நூலறிவு விடுதலை தராது என்ற வேதாந்தக் கருத்தை ஒரு மனிதராக நடமாடவிட்டால் அவர் இப்படித்தான் இருப்பார்.

கமலாம்பாள் விஷயத்தில் நாவல் ஒரு கடனைத் தீர்க்காமல் விடுகிறது. நூலின் பெயர் அவளுடையது. பழி விழுந்தது அவள்மேல். கரையேறும் ஆன்மாவோ கணவருடையது. தீர விசாரிக்க நிற்காமல் அவர் விலகிப்போனது அவளுக்கு இழைத்த அநீதி. தம்பதியர் மீண்டும் சேர்ந்ததும், உலகத் துன்பமெல்லாம் தோற்றமே என்ற அமைதியில் அந்த அநீதியும் கரைந்துவிடுகிறது. வதந்தியின் இயக்கத்தை அவ்வளவு கூர்மையாகக் கண்டவர், அதை நம்பியவரின் பொறுப்பைக் கேட்காமல் விட்டது ஒரு தத்துவக் குறையே. வடிவத்தின் குறை என்று சொல்லி இதைத் தாண்டிப் போக முடியாது.

செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ (1959) குறுநாவல் இங்கே துணைக்கு வருகிறது. மானம், மரணம், மனிதனுக்கும் விலங்குக்கும் நடுவே உள்ள நியாயம் எல்லாம் ஒரு ஜல்லிக்கட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. யாரும் யாருக்கும் உபதேசம் செய்வதில்லை. முன்பாதியில் ராஜம் ஐயர் கண்டுபிடித்துப் பின்பாதியில் கைவிட்ட வழி அதுதான்.

1998இல் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் மொழிபெயர்ப்பில் ஆங்கில வாசகர்களையும் அடைந்துவிட்ட இந்த நாவலுக்குப் புகழ் குறைவில்லை. வகுப்பறைகளில் இதைக் கற்பிப்போரிடம் ஒரு வேண்டுகோள்: வம்பர் மகாசபைப் பகுதிகளைச் சிரிப்புக்கென்று தனியே பிரித்துக் கொடுக்காதீர்கள். ராஜம் ஐயரின் ஆங்கிலக் கட்டுரைகள் 1905இல் ‘ரேம்பிள்ஸ் இன் வேதாந்தா’ என்ற தொகுப்பாக வந்துள்ளன. அவற்றில் மாயையைப் பற்றி அவர் எழுதியவற்றை அந்தப் பகுதிகளோடு சேர்த்து மாணவர்களுக்குப் படிக்கக் கொடுங்கள்.