மேடை ஏறிய அடுப்பும் இடம் மாறிய வலியும்

போன வருஷம் எங்கள் ஊர் வீட்டின் அடுப்பங்கரை மேடையை உடைத்துவிட்டு கிரானைட் போட்டோம். பழையது கடப்பைக்கல். நாற்பது வருஷப் புளித்தண்ணீர் அரித்து, மேலெல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது. கல் அறுக்க வந்த பையனுக்கு இருபது வயது இருக்கலாம். வாசலில் பலகையைச் சாய்த்துவைத்து மெஷினால் அறுத்தான். தெரு வெளுத்துவிட்டது. அவன் முகத்தில் ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான். "தண்ணி ஊத்தி அறுக்கக் கூடாதாப்பா?" என்று அம்மா கேட்டாள். "ஊத்தலாம்மா, கோடு அழிஞ்சிரும், நேரமும் ஆகும்" என்றான். உள்ளே மேஸ்திரி, அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டே முக்கால் அடி உயரத்தில் சுவரில் கோடு போட்டுவிட்டார். எல்லார் வீட்டுக்கும் அதுதான் கணக்காம்.

வாசலில் நடந்ததற்கும் உள்ளே நடந்ததற்கும் உள்ள உறவை யோசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அடுக்களை மேடையின் வரலாறு இதுவரை வசதியின் கதையாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது: பெண் குனிந்திருந்தாள், மேடை வந்தது, நிமிர்ந்தாள். இந்தக் கதை பொய்யில்லை. ஆனால் பாதிக் கதை. கல் மாறும் ஒவ்வொரு முறையும் வலி ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குக் கைமாற்றப்படுகிறது என்பது அதன் சொல்லப்படாத மறுபாதி.

மேடைக்கு முந்தைய அடுக்களை தரையில் இருந்தது. மண் அடுப்பு, பக்கத்தில் கொடியடுப்பு, அம்மி, ஆட்டுக்கல், அரிவாள்மனை, மணைப்பலகை எல்லாமே உட்கார்ந்த உடலை மையமாகக் கொண்டு அமைந்தவை. அடுப்பை மேலே ஏற்றியதில் எரிவாயுவுக்குப் பெரிய பங்குண்டு. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. ஆக, சிலிண்டர் வந்த வீட்டில் மேடையும் வந்தாக வேண்டும். மேடை வந்ததும் தரையின் கருவிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. அரிவாள்மனை இருந்த இடத்துக்குக் கத்தியும் பலகையும் வந்தன. அம்மி கொல்லைக்குப் போனது. 1955-ல் கோயம்புத்தூரில் உருவான வெட் கிரைண்டர் ஆட்டுக்கல்லை ஓரங்கட்டியது. 2007-ல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பும், 2011-ல் இலவச மிக்ஸி, கிரைண்டரும் தரத் தொடங்கியபோது ஓட்டு வீடுகளிலும் செங்கல் அடுக்கி ஒரு கடப்பைப் பலகையாவது போட்டார்கள்.

தரையடுப்பைப் பற்றிய ஏக்கம் எனக்கு இல்லை. அந்தப் புகையில் கண் போனவர்களும் நெஞ்சு போனவர்களும் நம் பாட்டிமார்தாம். அந்த அடுக்களை சாதியின் கருவறையாகவும் இருந்தது. வீட்டின் ஆக உள்ளொடுங்கிய இடம். யார் நுழையலாம், எந்த நாட்களில் நுழையக் கூடாது என்ற விதிகளால் ஆனது. மேடை கட்டியபோது ஒரு விபரீதம் நேர்ந்தது: அதுவரை வாசலில் நிறுத்தப்பட்டவர்களே உள்ளே வந்து அடுப்பை இடிக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அவர்கள் போனபின் பாட்டி மஞ்சள்தண்ணீர் தெளித்தாளாம். அம்மா இதை இப்போதும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. உழைப்பை உள்ளே விட்டு உழைத்தவரை வெளியே துடைத்தெடுக்கும் அந்தத் தண்ணீர் இன்றுவரை காயவில்லை.

நின்று வேலை செய்யும் அடுக்களை ஓர் அறிவியலாக வகுக்கப்பட்டது அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும். ஆலைத் தொழிலாளியின் அசைவுகளை அளந்த டெய்லரின் நூல் 1911-ல் வந்தது. அதே அளவுகோலை கிறிஸ்டின் ஃப்ரெடரிக் 1913-ல் வெளியான தம் நூலில் அடுக்களைக்குள் கொண்டுவந்தார். 1926-ல் ஃபிராங்க்ஃபர்ட் நகரின் புதிய குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த அடுக்களை இன்றைய மாடுலர் கிச்சனின் மூத்த தாய். சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ரயிலின் உணவுப் பெட்டியிலிருந்து பாடம் கற்ற சிக்கனம். ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் அது பொருத்தப்பட்டது. பின்னாளில் நாஜிகளை எதிர்த்துச் சிறை சென்ற கம்யூனிஸ்ட் அவர். பெண்ணின் நேரத்தை மீட்பதே அவர் நோக்கம். ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அறையில் பெண்ணைத் தனிமைப்படுத்தியது என்று பெண்ணியவாதிகள் பிற்பாடு அதை விமர்சித்ததும் நியாயமே.

ஆனால் அந்த அடுக்களையில் ஒரு பொருள் இருந்தது: ஜன்னலடி வேலைமேசைக்கு முன் ஒரு சுழல் முக்காலி. உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையை நின்று செய்வானேன் என்ற கேள்வியின் மரவடிவம் அது. நம் வீடுகளுக்கு மேடை வந்தது, முக்காலி வரவில்லை. மேடைக்கடியில் சிலிண்டரும் அரிசி டின்னும் அடைத்துக்கொண்டபின் உட்கார்ந்தாலும் முழங்காலுக்கு இடம் ஏது? உட்கார்ந்த உடலைக் கலைத்த நவீனம், நின்ற உடலுக்கு ஓய்வைத் தரவில்லை. முதுகிலிருந்த வலி காலுக்கும் குதிகாலுக்கும் இறங்கியது. மேடை உயரம் முழங்கைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும் என்பது எளிய கணக்கு. அதற்கு, சமைக்கிறவரை நிற்க வைத்து அளக்க வேண்டும். மேஸ்திரியும் வீட்டு ஆணும் பேசி முடிக்கும் விஷயமாக அது இருக்கும்வரை யார் அளப்பது?

இனி வாசலுக்கு வருவோம். ஆந்திரத்தின் கடப்பைக்கல் ஒரு சுண்ணாம்புக்கல். புளியும் எலுமிச்சையும் அதைத் தின்னும். புளியில்லாமல் குழம்பில்லாத நாட்டில் அது தோற்றது இயல்பு. எழுபதுகளுக்குப் பின் வளர்ந்த கிரானைட் தொழில் அந்த இடத்தைப் பிடித்தது. அடுக்களைப் பலகையும் குளியலறை வாஷ்பேசின் பலகையும் ஒரே கல்லானது. அந்தப் பளபளப்புக்குப் பின்னால் என்னென்ன கிடக்கும் என்பதற்கு 2012-ல் வெடித்த மேலூர்ப் பகுதி கிரானைட் முறைகேடு ஒரு சான்று. 2014-ல் உயர் நீதிமன்றம் உ. சகாயத்தை விசாரிக்க நியமித்தபின் குன்றுகளும் கண்மாய்களும் அழிந்த கதை ஊருக்கே தெரிந்தது.

இதற்கடுத்து வந்தது செயற்கைக் கல். பொடித்த குவார்ட்ஸைப் பிசினால் இறுக்கிய பலகை. கறை பிடிக்காது, எந்த நிறத்திலும் கிடைக்கும். கிரானைட்டில் கால் பங்கோ அதற்கு மேலோ இருக்கும் சிலிக்கா, இதில் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டக்கூடும். உலர்வாக அறுக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலின் காற்றறைகளுக்குள் போய் உட்கார்ந்து தழும்பாகிறது. சிலிக்கோசிஸ். தழும்பை ஆற்றும் மருந்து கிடையாது. 2012-ல் இஸ்ரேலிய மருத்துவர்கள், பலகை அறுத்த தொழிலாளர்கள் நுரையீரல் மாற்று சிகிச்சைக்கு வந்து நின்றதைப் பதிவு செய்தார்கள். ஸ்பெயினிலும் கலிஃபோர்னியாவிலும் இளம் தொழிலாளர்கள் இதே நோயில் விழுந்தார்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல்லையே தடை செய்தது. உலகில் முதல் தடை. தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்றது.

இங்கே? 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. ஆனால் நம் வீட்டு வாசல் எந்தச் சட்டத்துக்கும் தொழிற்சாலை இல்லை. இரண்டு நாளைக்கு அது ஒரு கல்லறுக்கும் பட்டறை. மூன்றாம் நாள் கோலம் போட்டால் மறுபடி வாசல். இருமுகிறவன் ஆஸ்பத்திரிக்குப் போனால் பல சமயம் காசநோய் என்றே எழுதப்படுகிறது. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பெருமளவு அடங்கும். சரியான முகமூடி மிச்சத்தைத் தடுக்கும். இரண்டுக்கும் ஆகும் செலவு, பலகையின் ஓரத்தை உருட்டிப் பாலிஷ் போட நாம் முகம் சுளிக்காமல் கொடுக்கும் கூலியை ஒட்டியே வரும். கேட்கிறோமா என்பதுதான் விஷயம். புரட்சி பேசும் நண்பர்கள் வீடுகளிலும் நான் இதைக் கேட்டுப் பார்த்ததில்லை. என் வீட்டில் அம்மா கேட்டாள். நான் உள்ளே அளவு சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

புது மேடை அம்மாவுக்கு இரண்டு அங்குலம் உயரம். இப்போது ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, கால் நுழைய இடமில்லாததால் பக்கவாட்டில் உட்கார்ந்து காய் நறுக்குகிறாள். கல் கறுப்புக் கண்ணாடி மாதிரி இருக்கிறது. போன வாரம் மேஸ்திரியைக் கடைத்தெருவில் பார்த்தபோது அந்தப் பையனைப் பற்றி விசாரித்தேன். "எந்தப் பையன் சார்?" என்றார்.