மைக் வர்ணனை (அழகர்கோவில் வட்டாரம்)

மதுரை மாவட்டம் அழகர்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களில், ஜல்லிக்கட்டின்போது களத்தில் நடப்பதை ஒலிபெருக்கி வழியே உடனுக்குடன் சொல்லும் வழக்கம். மைக் பிடிப்பவர் வர்ணிப்பதோடு நிற்பதில்லை. வீரர்களை எச்சரிப்பதும், காளை பிடிபட்டதா இல்லையா என்று அறிவிப்பதும், பரிசுக்கு அழைப்பதும் அவர்தான். இத்தனை வேலையும் ஒரே குரலில் சேர்ந்திருப்பதால், அந்தக் குரலைச் சுற்றியே சர்ச்சைகளும் எழுந்துள்ளன.

களத்தில்

தை முதல் நாள் அவனியாபுரத்திலும், மறுநாள் பாலமேட்டிலும், மூன்றாம் நாள் அலங்காநல்லூரிலும் ஜல்லிக்கட்டு நடைபெறுகிறது. வாடிவாசலில் காளை அவிழும் முன் உரிமையாளர் பெயர், ஊர், பரிசுப் பொருள் ஆகியவை மைக்கில் சொல்லப்படும். அண்டா, சைக்கிள், கட்டில், தங்கக்காசு என்று பரிசு நீளும். சிறந்த வீரருக்குக் கார் தரும் வழக்கமும் வந்துவிட்டது. "தொட்டுப் பாரு", "ஒத்த ஆளாப் பிடி", "வாலைப் பிடிக்காதே" என்பவை அடிக்கடி கேட்கும் குரல்கள். திமிலை மட்டுமே பிடிக்க வேண்டும் என்ற விதியை வீரர்களுக்கு நினைவூட்டுவதும் இதே குரல்தான். யாருக்கும் பிடிபடாமல் காளை போனால் "மாடு வெற்றி" என்று அறிவிக்கப்பட்டு, பரிசு உரிமையாளருக்குப் போகும்.

தடையும் மீட்சியும்

2009-இல் தமிழ்நாடு அரசு ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்ததும் வாடிவாசல்களில் மைக் ஓய்ந்தது. 2017 சனவரியில் அலங்காநல்லூரிலும் சென்னை மெரினாவிலும் மாநிலமெங்கும் நடந்த போராட்டத்துக்குப் பின் சட்டத் திருத்தம் நிறைவேறியது. அவ்வாண்டு பிப்ரவரி 10 அன்று அலங்காநல்லூரில் மீண்டும் காளைகள் அவிழ்ந்தன. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அச்சட்டத்தைச் செல்லும் என்றது. இப்போது முன்பதிவு, மருத்துவப் பரிசோதனை, வண்ண பனியன் அணிந்த வீரர்களின் சுற்றுகள் என்று எல்லாம் அதிகாரிகளின் மேற்பார்வையில் நடப்பதால், வர்ணனையில் பாதி அரசு அறிவிப்பாகவே ஆகிவிட்டது.

சர்ச்சைகள்

ஊரறிய மைக்கில் பெயர் ஒலிப்பது உரிமையாளருக்குக் கௌரவம். அந்தப் பெயரோடு சாதியும் சேர்ந்து ஒலித்தது வழக்குக்கு வழிவகுத்தது. 2024 பொங்கலையொட்டி, காளைகளை அவிழ்க்கும்போது சாதிப் பெயரைச் சொல்லக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

அதே பொங்கலில் அலங்காநல்லூரில் இன்னொரு தகராறு எழுந்தது. முதலிடம் பெற்றவர் 18 காளைகளும் இரண்டாமிடம் பெற்றவர் 17 காளைகளும் அடக்கியதாக அறிவிக்கப்பட்டது. ஒரே ஒரு காளை வித்தியாசத்தில் கார் கைநழுவியதை இரண்டாமிடம் பெற்றவர் ஏற்கவில்லை. காளைகளின் கணக்கைக் காணொளியைப் பார்த்துச் சரிபார்க்கக் கோரினார்.

மீன்பிடித் திருவிழா

மேலூர், கொட்டாம்பட்டி, நத்தம் பகுதிகளில் அறுவடை முடிந்து கண்மாய் நீர் வற்றியதும் மீன்பிடித் திருவிழா நடக்கும். முன்பு தண்டோராவாலும் வாய்வழியாகவும் பரவிய சேதி இன்று கைப்பேசியில் பரவுகிறது. ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசும் வரை ஒருவரும் கண்மாயில் இறங்கக் கூடாது. துண்டு அசைந்ததும் ஊத்தா, கச்சா, வலை, சேலை என்று கையில் கிடைத்ததோடு கூட்டம் பாயும். கெளுத்தி, விரால், கெண்டை, ஜிலேபி அகப்படும். பிடித்ததை விற்காமல் வீட்டில் குழம்பு வைத்தால் மழை பெய்யும் என்பது நம்பிக்கை. ஜல்லிக்கட்டில் உள்ளதுபோல் இங்கே போட்டி இல்லை, பரிசு இல்லை, வெற்றியை அறிவிக்கவும் ஆள் தேவையில்லை. மைக் இருந்தாலும் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதோடு அதன் வேலை முடிந்துவிடும்.

இன்றைய நிலை

2024 சனவரி 24 அன்று அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக்கென்றே கட்டப்பட்ட கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கத்தை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் திறந்துவைத்தார். ஜல்லிக்கட்டுகளைத் தொலைக்காட்சிகள் நேரலை செய்வதால், மாடு பிடிபட்டதா என்பதை வீட்டில் இருப்பவரும் பார்த்தே முடிவுசெய்கிறார். மைக்கில் சொன்னதே தீர்ப்பு என்றிருந்த காலம் போய், சொன்னது சரிதானா என்று படத்தைக் காட்டிக் கேட்கும் காலம் வந்துள்ளது.