விடியற்காலைப் பால்வெட்டும் உருளைக்கிழங்குச் சோதனையும்

சிலாங்கூர் மாநிலத்தில் லங்காட் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் டெங்கில். அவ்வூரின் பெயரைச் சொன்னால் இன்று பலருக்கும் அதன் அண்டையிலுள்ள புத்ராஜெயாவும், 1998ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற சிப்பாங் விமான நிலையமுமே நினைவுக்கு வரும். ஒரு தலைமுறைக்கு முன்னர் நிலைமை வேறு. அவ்வட்டாரம் முழுவதும் பால்மரக் காடாக இருந்தது. புத்ராஜெயா எழுந்துள்ள நிலம் பெராங் பெசார் தோட்டமாக விளங்கியது. முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் வீரர்கள் சிலர் 1921இல் தொடங்கிய தோட்டம் அது. 'பெரும் போர்' என்பதே அப்பெயரின் பொருள். பி.பி. 86 முதலிய உயர்ந்த ரப்பர் ஒட்டுரகங்களை உலகுக்கு அளித்த பெருமையும் அதற்கு உண்டு. 1990களில் தலைநகர்ப் பணி தொடங்கியபோது, அத்தோட்டத்திலும் அண்டைத் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல டெங்கிலில் குடியமர்த்தப்பட்டன.

அக்குடும்பங்களின் முதியோரிடம் பேசிப் பாருங்கள். அவர்கள் முதலிற் கூறுவது இருட்டைப் பற்றியே இருக்கும். கோழி கூவும் முன் எழுந்து, குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டு, பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, முதல் வெளிச்சத்திற் கத்தியுடன் நிரையில் நிற்க வேண்டும். வெயில் ஏறிய பின் வெட்டினால் மங்கு நிறையாது. இது தோட்டத்தில் அனைவரும் அறிந்த உண்மை. ஆயின், ஏன் நிறையாது? இவ்வினாவுக்குரிய விடை, இன்று நம் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியின் நான்காம் படிவத்தில் உருளைக்கிழங்குத் துண்டைக் கொண்டு செய்யும் ஓர் எளிய சோதனையில் அடங்கியிருக்கிறது. பாட்டியின் கத்திக்கும் பேரனின் சோதனைக் குழாய்க்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சோதனை யாதெனின், உருளைக்கிழங்கை ஒரே அளவான துண்டுகளாக, ஒவ்வொன்றும் 5 செண்டிமீட்டர் நீளமாக நறுக்குவர். வெவ்வேறு செறிவுள்ள சர்க்கரைக் கரைசல்களில் அவற்றை இட்டு வைத்து, பின்னர் எடுத்து அளப்பர். வெறும் நீரில் இட்ட துண்டு நீண்டு விறைத்திருக்கும்; மிகச் செறிந்த கரைசலில் இட்டது குறுகித் துவண்டிருக்கும். இடையே ஏதோ ஒரு செறிவில் துண்டு நீளாமலும் குறுகாமலும் இருக்கும். நீர் தன் விருப்பம்போல் ஓடுவதில்லை; கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கு, உயிரணுவின் மென்சவ்வைக் கடந்து செல்கிறது. இதனையே சவ்வூடு பரவல் என்கிறோம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதனைப் பிரசாரணம் என வழங்கின. பாகற்காயில் உப்புப் பிசறி நீரைப் பிழிந்தெடுக்கும் இல்லத்தரசியும், உலர்ந்த திராட்சையை ஊற வைத்து உப்பச் செய்பவரும் இவ்விதியை அன்றாடம் கையாளுகின்றனர்.

இவ்விதியின் வரலாறு நீண்டது. 1748இல் பிரான்சு நாட்டு நொல்லே என்னும் பாதிரியார், சாராயம் நிறைந்த கலத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலாற் கட்டி நீரில் அமிழ்த்தியபோது, நீர் உட்புகுந்து தோல் உப்பியதைக் கண்டார். அந்நாட்டு அறிஞர் துத்ரோஷே 1820களில் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து அதற்குப் பெயரும் இட்டார். 1877இல் ஜெர்மானியத் தாவர அறிஞர் பெஃபர், நுண்துளை மண்கலத்தின் சுவரில் செயற்கைச் சவ்வொன்றைப் படியச் செய்து, அழுத்தத்தை அளந்தே காட்டினார். நூற்றுக்கு ஒரு பங்கு சர்க்கரை கலந்த கரைசலே அரை மீட்டருக்கு மேற்பட்ட பாதரசத் தூணைத் தாங்கியது கண்டு அறிவுலகம் வியந்தது.

அக்காலத்தில் ஹாலந்து நாட்டு டி வ்ரீஸ், இலையின் மேல்தோலை உரித்துக் கரைசலில் இட்டு நுண்ணோக்கியால் நோக்கினார். செறிந்த கரைசலில் உயிரணுவின் உள்ளடக்கம் சுவரை விட்டுச் சுருங்குவதைக் கொண்டு அணுச்சாற்றின் வலிமையைக் கணித்தார். அவர் கையாண்ட செடிகளுள் ஒன்று, இலையின் அடிப்புறம் ஊதாநிறமாக இருக்கும் ரோயோ. நம் நாட்டில் பள்ளிகளின் பூந்தோட்ட வரப்புகளில் இன்றும் இதைக் காணலாம். விலை கொடுத்து வாங்க வேண்டாத இச்செடி ஒவ்வோர் ஆசிரியருக்கும் கிட்டிய ஆய்வுக்கூடமாகும். பெஃபரின் கணக்குகளை டி வ்ரீஸ் வாயிலாக அறிந்த வாண்ட் ஹாஃப், கரைசலின் அழுத்தத்திற்கும் வாயுக்களின் அழுத்தத்திற்கும் ஒரே சூத்திரம் பொருந்துவதை 1880களில் நிறுவினார். வேதியியலுக்கான முதல் நோபெல் பரிசு 1901இல் அவருக்கே கிடைத்தது.

அச்சூத்திரத்தை நம் கிழங்குக்குப் பொருத்திப் பார்ப்போம். துண்டின் நீளம் மாறாத செறிவு 0.3 மோலார் என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு லிட்டர் கரைசலில் ஏறத்தாழ 103 கிராம் சர்க்கரை. நம் நாட்டு வெப்பநிலையில் இக்கரைசலின் அழுத்தம் 7 வளிமண்டலத்திற்குச் சற்று மேற்படும். மோட்டார் வண்டிச் சக்கரத்தில் நாம் அடிக்கும் காற்று 2 வளிமண்டல அளவினதே. சமையலறையில் அசையாது கிடக்கும் கிழங்கில் அதனினும் மும்மடங்கு ஈர்ப்பு உறங்குகிறது! ஆசிரியர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளல் நலம். கிழங்குத் துண்டின் நீளம் காட்டுவது, அத்திசு அந்நிலையில் நீரை இழுக்கும் நிகர ஆற்றலை; டி வ்ரீசின் சுருக்கச் சோதனை காட்டுவதோ அணுச்சாற்றின் முழு வலிமையை. இரண்டும் ஒன்றெனக் கற்பித்துவிடுதல் பிழை.

இனி, பால்மரத்திற்கு வருவோம். 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்த மரம் அது. அதன் பட்டையில், மரத்தைச் சுற்றி வளையம் வளையமாகப் பால்குழல்கள் அமைந்துள்ளன. அவை நேர் மேலாகச் செல்லாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. எனவேதான் வெட்டுக்கோடு இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் இருத்தல் வேண்டும் என்பது. அப்போதே மிகுதியான குழல்கள் அறுபடும். கத்தி சீவுவது ஒரு மில்லிமீட்டர் அளவான பட்டையை மட்டுமே. சற்று ஆழப்பட்டால் மரத்தின் வளர்படை காயமுற்று முண்டு விழும். ஆழம் போதாவிட்டால் பால் வாராது. அரையிருட்டில், நூற்றுக்கணக்கான மரங்களில் நாள்தோறும் இவ்வளவு நுட்பத்தைக் காத்தவர்கள் நம் தாய்மாரும் தந்தைமாரும் ஆவர்.

பால்குழலுள் இருக்கும் பால், சர்க்கரையும் உப்புகளும் கலந்த உயிர்ச்சாறு. ஆகவே அண்டைத் திசுக்களிலிருந்து நீரை ஈர்க்கிறது. இரவில் இலைத்துளைகள் மூடியிருப்பதால் மரம் நீரை இழப்பதில்லை. குழல்கள் நீருண்டு விறைக்கின்றன. வெயில் ஏறியதும் இலைகள் நீராவியை வெளிவிட, மரத்தின் நீரெல்லாம் மேல்நோக்கி இழுபடுகிறது. குழல்களின் விறைப்புத் தளர்கிறது. இவ்விறைப்பை அளந்து காட்டிய பணி நம் மண்ணிலேயே நிகழ்ந்தது. 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய பட்டரி, போட்மன் என்னும் இருவர், ஒருமுனை அடைத்த நுண்ணிய குழாயைப் பட்டையுட் செருகினர். பால் உட்புகுந்து, அடைபட்ட காற்றை நெருக்கியது. நெருங்கிய காற்றின் நீளத்தைக் கொண்டு அழுத்தத்தைக் கணித்தனர். 1964இல் வெளியிட்ட அவர்தம் முடிவின்படி, விடியலுக்கு முன் குழல்களின் அழுத்தம் ஏறத்தாழ 8 முதல் 15 வளிமண்டலம் வரை இருந்தது. பகலில் அது இறங்கியது.

வெட்டியதும் பால் பீறிடுவது இவ்வழுத்தத்தால்தான். அழுத்தம் தணிந்ததும் அண்டைத் திசுக்களிலிருந்து நீர் குழலுட் புகுந்து பாலை நீர்க்கச் செய்கிறது. ஜாவாவில் பணிபுரிந்த டச்சு அறிஞர் ஆரிஸ் இதனை முன்னரே ஆராய்ந்திருந்தார். ஒழுக்கு நிற்பதிலும் சவ்வூடு பரவலுக்குப் பங்கு உண்டு. பாலில் லுட்டாய்டு எனப்படும் நுண்பைகள் மிதக்கின்றன. அவை வெடிக்கும்போது வெளிப்படும் பொருள் ரப்பர்த் துகள்களை உறையச் செய்து குழலின் வாயை அடைக்கிறது. பால் நீர்த்துப்போதல் அவை வெடிப்பதற்கு ஒரு காரணம். மறுநாள் வெட்டுக்கோட்டிலிருந்து உரித்தெடுத்து வாளியிற் போட்ட ஒட்டுப்பால் இருக்கிறதே, அதன் பிறப்பும் இத்தகைய உறைதலே. சவ்வில் நீர் செல்வதற்கெனத் தனிப் புரத வாயில்கள் உண்டென்பதைப் பீட்டர் ஆக்ரே 1992இல் நிறுவி, 2003இல் நோபெல் பரிசு பெற்றார். அத்தகைய வாயில்கள் ரப்பர் மரத்தின் பால்குழல்களிலும் இருப்பது பின்னர்த் தெரியவந்தது.

இவற்றால் நாம் தெளிவது என்ன? விஞ்ஞானி 1964இல் அளந்ததைத் தோட்டத்துக் கை அதற்கு நெடுநாள் முன்பே அறிந்திருந்தது. காரணத்தைக் கை அறியாதிருக்கலாம்; நேரத்தை அது அறிந்திருந்தது. மரத்தின் விறைப்புக்கு ஏற்ப மனிதர் எழுந்தனர்; தூக்கத்தையும், தாய்ப்பால் மறவாத மதலையையும் விட்டு நடந்தனர். அந்த அழுத்தத்தை அளந்த கருவியின் பெயர் நூல்களில் இருக்கிறது. அதனை நாள்தோறும் மங்கில் ஏந்தியவர்களின் அறிவு எந்த நூலிலும் ஏறவில்லை.

மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதன் பின் உயிரியலை மாணவன் பிறமொழியிற் கற்கிறான். அவ்விடைவெளியில் சொல்லும் போகிறது, சொல்லுக்குரிய உறவும் போகிறது. ஆகவே, ஆரம்ப வகுப்பிலேயே ஒரு பாகற்காய்த் துண்டும் ஒரு பிடி உப்பும் கொண்டு சவ்வூடு பரவலைக் காட்டிவிடுதல் ஆசிரியர்களால் ஆகக்கூடியதே. காட்டியபின், "உன் பாட்டி ஏன் இருட்டில் வேலைக்குப் போனார்கள் என்று வீட்டில் கேட்டு வா" என்று ஒரு வினாவையும் கொடுத்தனுப்புங்கள். டெங்கிலைச் சுற்றிப் பால்மரங்கள் அருகிவிட்டன. அவ்வினாவுக்கு விடை சொல்லக்கூடிய முதியோரும் அருகி வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுதல் நம் கடன்.